கட்டி

சோஹார் துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை.
குழாய்களுக்கு ஆயுள் பார்ப்பது என் வேலை.
இரும்பில் களிம்பு தடவிக் கருவியை வைத்தால்
சுவரின் கனம் சொல்லும்.
போன ரமலானில் பன்னிரண்டு புள்ளி ஏழு.
இந்த ரமலானில் பதினொன்று புள்ளி ஒன்பது.
மீதியைத் தின்றது யாரென்று
ஒருவரும் கேட்பதில்லை.
நமக்கு மூச்சு,
இரும்புக்கு அது பல்.

பெயின்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பினால்
கண்ணுக்கு முந்தி என் விரலுக்குத் தெரியும்.
அப்படித்தான் தெரிந்தது
ஒரு வெள்ளிக்கிழமை, சோப்பு நுரைக்குள்.
குழாயில் பழுதிருக்கும் இடத்தைக்
கடிகாரக் கணக்கில் எழுதுவோம்.
இடது பக்கம், இரண்டு மணி.

மஸ்கட்டில், ஸ்கேன் அறையில்
அதே களிம்பு, அதே குளிர்.
(செம்பில் ஏறினாலும் களிம்பு என்றுதான் பெயர்.)
நான் திரையைப் பார்க்கவில்லை.
அந்தப் பெண் ஒரே இடத்தில்
மூன்றாம் முறை வைத்துப் பார்த்தாள்.
எண் பிடிக்காதபோது
நானும் அப்படித்தான் செய்வேன்.

"உப்புக்காற்றா டாக்டர்? பதினொரு வருஷம்..."
டாக்டர் ஜோகா பேனாவை மூடினார்.
இன்னதால் என்று சொல்ல முடியாது.
செல்லுக்குள் இணையிழந்த எலெக்ட்ரான் ஒன்று
அண்டையில் இருப்பதிடம் பிடுங்கும்,
பறிகொடுத்தது அடுத்த வீட்டில் கைவைக்கும்.
தினமும் நடப்பதுதான், உடம்பு சரிக்கட்டிவிடும்,
எங்கோ ஓரெழுத்து பிசகும்வரை.
அவர் படம் போட ஆரம்பித்தார்.
வேண்டாம் என்றேன்.
இந்தப் படத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

கட்டியை எடுத்தார்கள்.
தையல் உலர்வதற்குள் ரூவி அறை நிறைந்துவிட்டது:
இபுறாகீம் அண்ணன் பெட்டி நிறைய மாதுளை,
மரிவிக் பச்சைத் தேநீர்,
என் வீட்டுக்காரர் தங்கமாரி
ஈ மாத்திரை, சி மாத்திரை,
பெயர் வாசிக்க வராத இன்னொன்று.
"துரு ஏறாம இருக்கும்டி" என்றார்,
என் தொழிலை என்னிடமே சொல்லி.

கடலடி இரும்போடு துத்தநாகக் கட்டி பிணைப்போம்.
கடல் இரும்பை விட்டு அதைத் தின்னும்.
கரைந்து கூடானதும் வேறு.
வருஷத்துக்கு நாற்பது போகும்.
டாக்டரிடம் இதைச் சொல்லியிருந்தேன்.
ஒவ்வொரு மாத்திரையையும்
அப்படி நினைத்துத்தான் விழுங்கினேன்.

கதிர்வீச்சுக்கு முதல் நாள் அவர் சொன்னார்:
"மாதுளை சாப்பிடுங்கள். மாத்திரை எல்லாம் நிறுத்துங்கள்.
நாளை நாங்கள் உள்ளே மூட்டுவதும் அதே தீ.
மிச்சமாய் ஒளிந்திருப்பது
உங்கள் துத்தநாகத்துக்குப் பின்னால் நின்றுகொண்டால்?"

மருந்துக்கடையில் திருப்பி வாங்கவில்லை.
ஒன்பது ரியால்.
இரவெல்லாம் தங்கமாரி அதையே சொன்னார்.
வேறெதையும் சொல்லத் தெரியாமல்தான்
என்று எனக்குத் தெரியும்.

இப்போது படுத்திருக்கிறேன், கை தலைக்கு மேல்.
"இழுங்க... பிடிங்க."
நெஞ்சு நிறைந்தால் இதயம் சற்று விலகுமாம்,
கதிர் அதைத் தொடாதாம்.
அறையில் எவரும் இல்லை.
பதினொரு வருஷம் எதை
இரும்புக்குள் விடமாட்டேன் என்று நின்றேனோ
அதை இருபது விநாடி
விலா விரிய வைத்திருக்கிறேன்.

தின்னு.
இந்த முறையாவது
எதைத் தின்கிறாய் என்று பார்த்துத் தின்னு.