வயது, நாட்களில்

பதிவேட்டில் ஒன்பது நிரல்கள்.
ஆறாவது: வயது, நாட்களில்.
ஏழு என்று எழுதுவேன், அல்லது இருபத்தெட்டு.
கொங்கிறீற்றுக் கட்டிக்கு
அதற்குமேல் ஆயுள் கேட்பாரில்லை;
வைத்து நசுக்கி, எண்ணைக் குறித்து,
தூளைப் பின்வளவில் கொட்டிவிடுவோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை
மேற்பார்வையாளர் நௌபர்தீன் வந்தார்,
மோட்டார் சைக்கிள் தாங்கியில் உரப்பை,
உரப்பைக்குள் இது.
பனிச்சங்கேணிப் பக்கம் மதகுக்குக் கிடங்கு வெட்டுகையில்
பெக்கோவின் பல்லில் தட்டுப்பட்டதாம்.
பல் போயிற்று.

"கல்லுத்தானே" என்றேன்.
"கல்லெண்டா நான் ஏன் மட்டக்களப்பு மட்டும் சுமக்கிறன்?
வார்த்தது கா இது, ஊத்தி இறுகினது.
அந்தக் காலத்து ஆக்களுக்குக் கல்லைக் கரைக்கத் தெரியும்,
மறுகா கட்டியாக்கவும் தெரியும்."

அவருடைய சாட்சி குமிழ்கள்.
உடைந்த முகமெங்கும் ஊசிக்கண் அளவில் குழி,
காற்று சிறைப்பட்ட இடமென்றார்.
முருகைக்கல்லிலும் துளையுண்டே,
அதில் குடியிருந்தது பூச்சி என்றேன்.
இரண்டு வீடும் வெறிச்சோடிக் கிடக்கையில்
போனது யாரென்று
எதை வைத்துச் சொல்ல?

பழைய பல்தூரிகையால் கழுவினேன்.
சிவந்த ஓட்டுத்துண்டொன்று, நகத்தளவு.
கரி. சிப்பியின் ஒரு உதடு.
பிறகு, ஓரத்தில்,
ஒரு நெல்.
நெல் இல்லை, நெல் இருந்த இடம்:
கூர்மூக்கும் முதுகு வரிகளும் அப்படியே பதிந்து
உள்ளே ஒன்றுமில்லாமல்.
சின்னச் சம்பாவா பச்சைப்பெருமாளா என்று
கேட்கலாம் போலிருந்தது.

யாரோ சாந்தில் உமிச்சாம்பல் சேர்த்திருக்கிறார்.
தெரிந்துதானா?
அடுப்பை ஒதுக்கியவள்
தூரம் போகப் பஞ்சிப்பட்டு
சுண்ணாம்புக் குழிக்குள் தட்டிவிட்டாளோ?
அந்தக் குழிச் சாந்து பூசிய பக்கம் மட்டும்
மாரிக்குக் கரையாமல் நின்றதில்
மறுவருடம் கொத்தன்மார்
அவளுடைய சாம்பலுக்கு வரிசையில் நின்றார்களோ?

இதெல்லாம் என் வேலையில்லை என்று சொல்லிவிட்டு
சம்மாந்துறை ஆலையில் உமிச்சாம்பல் ஒரு வாளி வாங்கினேன்.
சுட்ட சுண்ணாம்பு, ஆற்று மணல், ஆறு அச்சு.
நீர் பட்டதும் சுண்ணாம்பு சீறியது.
சூளையில் தன் மூச்சை விட்டுக்கொடுத்த கல்லுக்கு
அவ்வளவு கோபம் இருக்கும்.
காற்றில் கிடந்தால் விட்ட மூச்சை
ஒல்லுப்போல ஒல்லுப்போலத் திரும்ப வாங்கி
மறுபடி கல்லாகும்.
காற்று எட்டாத ஈரத்துக்குள்ளும் அதை இறுக வைப்பது
சாம்பல்தான்.

ஏழாம் நாள் நகத்தால் கீறலாம்.
இருபத்தெட்டாம் நாள்
மூன்று தசம் இரண்டு.
நௌபர்தீனின் முகம் தொங்கிவிட்டது.
மதகுக்கு இருபத்தைந்து வேண்டும்.
"அவங்கட கல்லையும் நசுக்கிப் பாருங்க" என்றார்,
என்னைப் பார்க்காமல்.

தட்டுகளுக்கு நடுவே வைத்தேன்.
ஒரு நிமிடம் போதும்.
எண் கிடைக்கும், நெல்லின் பள்ளம் தூளாகும்.
பெருந்தன்மையாய்க் கையை எடுத்தேன் என்று
எழுதத்தான் ஆசை.
நடந்தது வேறு. கோணல்மாணலான எதையும்
இந்த இயந்திரம் ஏற்காது.
சதுரமாய் அறுக்க வேண்டும்,
அறுக்கும் வாள் ஏறாவூரில் திருத்தக் கிடக்கிறது.

ஆறு அச்சில் மிஞ்சிய ஒன்றையும் இதையும்
ஒரே தண்ணீர்த் தொட்டியில் இறக்கினேன்.
சில சனிக்கிழமைகளில் வெளியே எடுத்து
என்னுடையதை நகத்தால் கீறிப் பார்ப்பேன்.
இப்போது நகம்தான் தேய்கிறது.

கணக்காய்வுக்கு வந்த பத்தக்குட்டி ஐயா
ஆறாவது நிரலில் விரலை ஊன்றினார்.
"இதென்ன பிள்ளை, வெறுமையாக் கிடக்கு?"
நெல் இருந்த இடம் என்று
வாய்வரை வந்தது.

"வாள் இன்னும் வரேல்ல, சேர்" என்றேன்.