பிப்ரவரி ஒன்பது: மேகம்

பாதிரியார் ஹெஸ்கெத் திரெல்ஃபாலின்
வானப் பதிவேட்டில்
பதினோரு வருடம் பிசகாத கையெழுத்து.
மை உறைந்த இரவுகளில் பென்சில்.
ஒரு மங்கிய நட்சத்திரம்
ஏறுவதும் இறங்குவதும்
விநாடி சுத்தமாக.

பிப்ரவரி ஒன்பதுக்கு மட்டும்
ஒரே சொல்: மேகம்.

அன்று நார்ஃபோக் முழுக்க
துடைத்துவிட்ட வானம்.
கால்வாய்ப் பனிக்கட்டியில்
நட்சத்திரங்களை மிதித்துக்கொண்டு
விலாங்கு பிடிக்கிற கேரட்
ஓடிவந்து கதவைத் தட்டியிருக்கிறான்.

தொலைநோக்கியை மூடக்கூட இல்லை அவர்.
விடிந்தபோது லென்ஸில் உறைபனி.
பழக்கதோஷம்,
கடிகாரம் மட்டும் கையோடு போயிருந்தது.
கிண்ணத்துத் தண்ணீரை
உள்ளங்கையில் சூடாக்கித்தான் தெளித்தாராம்.

மீதி ஞானஸ்நான ஏட்டில் இருக்கிறது:
தபித்தா கேரட்.
உயிரோடிருந்தது
ஒரு மணி, பதினேழு நிமிடம்,
நான்கு விநாடி.