இணைப்பு: ஏழு தாள்

தேரடி மெட்ரோவுக்கு எதிரே, மருந்துக்கடைக்கும்
எப்போதோ மூடிய பிரியாணிக் கடைக்கும் நடுவே
என் ஜெராக்ஸ் மெஷின்.
ஒரு பக்கம் இரண்டு ரூபாய்.
இன்னாசிமுத்துவுக்கும் அதேதான்,
போருக்குப் போனவன் என்று குறைத்துக் கேட்டதில்லை.

இது பதினோராவது மனு.
"வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீஸ்" என்று
அவர் தொடங்குமுன்பே என் விரல்கள் போய் நிற்கும்.
படை எண், பெயர், எர்ணாவூர் முகவரி.
எண்பத்தேழு அக்டோபர் முதல்
தொண்ணூறு மார்ச் வரை, இடையில் இரண்டு லீவு,
யாழ்ப்பாணம், வவுனியா, மறுபடி யாழ்ப்பாணம்.
அதற்கான பதக்கம்
இன்றுவரை வந்து சேரவில்லை என்பதைப்
பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

"பணிவுடன் வேணாம்மா இந்தத் தபா" என்றார்.
எடுத்துவிட்டேன்.
பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.
"போட்டுடு. இருந்துட்டுப் போவட்டும்."

டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கு ஓரமெல்லாம் கறுப்பு.
புயல் வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் வந்து
வீட்டுக்குள் ஏறின டிசம்பரில்
பீரோவின் கீழ்த்தட்டில் கிடந்ததாம்.
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததில்
கறையோடு பட்டாலியன் பெயரும் பாதி போயிற்று.
அதைக் கவிழ்த்த என் கண்ணாடியில் ஒரு தீற்றல் தங்கிவிட்டது.
அந்த வாரம் முழுக்க
யார் யாருடைய ரேஷன் அட்டையிலோ,
ஒரு பெண்ணின் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டில் கெமிஸ்ட்ரிக்குப் பக்கத்திலோ
அது வந்துகொண்டே இருந்தது.

படிவத்தில் 'ஆற்றிய பணி' என்று ஒரு கட்டம்.
டிரைவர் என்றே பத்து முறை அடித்திருக்கிறேன்.
"ஓட்டினது வண்டிதான். ஆனா செக்போஸ்ட்டுல
எறக்கி வுட்டுருவாங்க.
அந்த கம்பெனில தமிள் தெரிஞ்சவன் நா ஒருத்தன்.
சாவகச்சேரி பக்கம் ஒரு அம்மா,
பையன் சட்டைய மார்ல அணைச்சினு நின்னுது.
'நீர் எங்கட ஆளோ தம்பி'ன்னு கேட்டுச்சு.
என்னா சொல்றான்னாரு சுபேதார்.
தண்ணி கேக்குதுன்னேன்.
அவரு பாவம், தன் பாட்டிலயே நீட்டினாரு.
அது வாங்கல."

கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.
டிரைவர் என்று அடித்தேன்.

கப்பல் வந்து நின்றது இதே கடலில்தான்.
மூன்றாம் நாள் லீவில் வீட்டுக்கு வரும்போது
ராயபுரத்தில் ஒரு டீக்கடைப் பின்புறம்
யூனிஃபார்மைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்து
லுங்கியில் வந்திருக்கிறார்.
மைத்துனர் ஒரு மாதம் பேசவில்லை.
பிறகு பேசினார், மீன் விலையைப் பற்றி.

"இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு
இப்ப எதுக்கு?" என்றேன்.
துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்ற
கண்டெய்னர் லாரிகளையே பார்த்தார்.
ஒரு லாரி நகர்ந்து, இடைவெளி விழுந்து,
அதில் ஒரு ஷேர் ஆட்டோ புகுந்த பிறகு சொன்னார்:
"கைல இல்லாதத எப்டிம்மா திருப்பிக் குடுக்கறது?"

ஆடி மாதம், வெயிலோடு, வந்தே விட்டது.
ரிஜிஸ்டர் தபாலில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி.
ரிப்பனில் இன்னும் மடிப்பு கலையவில்லை.
விளிம்பைச் சுற்றி ஆங்கிலத்தில் எண் சரி, பதவி சரி.
பெயர் இன்னாசி மூர்த்தி.

சிரிப்பாரென்று நினைத்தேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
"எழுதும்மா. பேர் மாத்தணும்னு."
திருப்பிக் கொடுக்கத்தானே போகிறீர்கள்?
"அதுக்கும் என் பேர்ல இருக்கணும்ல."

பன்னிரண்டாவது. பணிவுடன் போடவா என்று கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை, போட்டேன்.
ஆதாரத்துக்குப் பதக்கத்தின் நகல் வேண்டும்.
படுக்க வைத்தால் கறுப்பாய் ஒரு வட்டம்தான் விழுந்தது.
எழுத்து இருக்கும் விளிம்பு தெரிய
கண்ணாடிமேல் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்,
மூடியைத் திறந்தே விட்டு பட்டனை அழுத்தினேன்,
வெளிச்சம் அவர் முகம் வரைக்கும் போய் வந்தது.

ஏழாவது தாளில் பெயர் விழவில்லை.
ரேகையோடு அவருடைய கட்டைவிரல் விழுந்திருந்தது.
அதையும் சேர்த்துத்தான் பின் அடித்தேன்.
பதினாலு ரூபாய். சில்லறையாகவே கொடுத்தார்.