கரையாத துத்தநாகம்

கிளாக்ஸ்விக் துறைமுகத்தின் சரிவுத் தண்டவாளத்தில்
'ஸ்கார்வுர்' ஏறி நிற்கிறது.
நீர்க்காகம் என்று பொருள்.
வயிற்றிலிருந்து கடல் இன்னும் சொட்டுகிறது.
மார்ச் மழை, பக்கவாட்டில்.
இந்தத் தீவுகளில் மழை மேலிருந்து விழுந்து
நான் அதிகம் பார்த்ததில்லை.

ஹானுஸ் எனக்கு முன்னால் குனிந்து அடியில் போகிறார்.
கப்பல் அவருடையது. கடன் வங்கியுடையது.
"பார் சுன்வா, இரண்டு வருஷம் ஆகப்போகிறது.
ஒன்றுகூடக் கரையவில்லை!
இந்த முறை துத்தநாகத்துக்குப் பில் போடாதே."

விளக்கைத் தூக்கிப் பார்க்கிறேன்.
சுக்கானின் இரு பக்கமும், அடித்தட்டு நெடுக,
ரொட்டி அளவுக் கட்டிகள். பதினான்கு.
ஒரு மூலைகூட மழுங்கவில்லை.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.

என் தொழிலில் நல்ல செய்தி என்பது
பாதி தின்னப்பட்ட கட்டி.
எலி கடித்த சோப்பு மாதிரி
குழிகுழியாய், வெள்ளை பூத்து,
சுத்தியலால் தட்டினால் பொலபொலவென்று உதிரவேண்டும்.
அதைக் கண்டால்தான்
அன்றைய காப்பி எனக்கு இறங்கும்.

உப்புநீரில் கலந்த காற்றுக்கு
எலக்ட்ரான் பசி. யாரிடமாவது வாங்கியாகவேண்டும்.
சோடியத்திடம் கேட்கவே வேண்டாம்,
தண்ணீரைக் கண்டதுமே சீறிக் கொட்டிவிடும்.
தங்கம் கைகட்டி நிற்கும்; காலைப் பிடித்தாலும் தராது.
இடையில் எங்கோ நம் இரும்பு.
கொடுக்க மனமில்லை, மறுக்கத் தெம்புமில்லை.
அதற்குச் சற்று மேலே துத்தநாகம்.
இரண்டையும் தொடவைத்துக் கடலில் இறக்கினால்
துத்தநாகம் கரையும், இரும்பு தப்பும்.
தியாகம் என்று பயிற்சிப் புத்தகத்தில் போட்டிருந்தது.
தியாகமெல்லாம் இல்லை.
மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிறது,
அவ்வளவுதான்.

அப்படியானால் இது ஏன் ஓடவில்லை?

திருப்புளியால் ஒரு கட்டியைச் சுரண்டினேன்.
சாம்பல் நிறத் தோல் சுருண்டு வந்தது.
அதற்கடியில் இன்னொரு சாம்பல், பளபளவென்று,
கடலையே பார்த்திராத சாம்பல்.

வர்ணம்.
கப்பலின் அடிக்குப் பூசிய அதே வர்ணம்.
இரும்புக்குப் பூசினால் அது கவசம்.
துத்தநாகத்துக்குப் பூசினால் வாய்ப்பூட்டு.

ஜூலை இருபத்தெட்டு.
மறுநாள் ஓலாவ் திருவிழா.
படகுப் போட்டிக்குத் தலைநகர் போகும் பேருந்தைப் பிடிக்க
பட்டறையில் எல்லோருக்கும் அவசரம்.
வர்ணம் அடிக்குமுன் கட்டிகளை மூடும் காகித நாடா
என் மேலங்கிப் பையில் இருந்தது.
திருவிழா முழுக்க இருந்தது.
துணி துவைத்தபோது ஊறிப்போன உருண்டையாய் வெளியே வந்தது.
சிரித்துக்கொண்டே தூக்கிப் போட்டேன்.

சுக்கானின் பின்பக்கம் கையை விட்டேன்.
வெண்கல விசிறி கல்யாண மாப்பிள்ளைபோல் மினுங்குகிறது.
அதன் பக்கத்து எஃகில், வர்ணம் உரிந்த இடத்தில்,
என் சுண்டுவிரல் நகம் வரைக்கும்
ஒரு குழி. அதையடுத்து ஒன்று.
எண்ண ஆரம்பித்து
இருபத்திரண்டில் நிறுத்திக்கொண்டேன்.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றார் ஹானுஸ்.
அவர் கையுறையைக் கழற்றச் சொன்னேன்.
விரலைப் பிடித்து முதல் குழியில் வைத்தேன்.
மழை தகரக் கூரையில் அறைந்துகொண்டிருந்தது.
விரலை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

சாயங்காலம் பதிவேட்டைத் திறந்தேன்.
பழைய கட்டிகள்: பதினான்கு.
கரைந்த எடை: பூஜ்யம்.
காரணம் என்ற கட்டத்தில்
'வர்ணம்' என்று எழுதி, அடித்துவிட்டு,
'சுன்வா' என்று எழுதினேன்.

சுக்கான் தகட்டை வெட்டி மாற்ற
பதினொரு நாள் ஆகும். அதை வங்கியிடம்
அவர் எப்படிச் சொல்வாரோ.
துத்தநாகத்துக்கு மட்டும்,
அவர் கேட்டுக்கொண்டபடியே,
பில் போடவில்லை.