எந்தக் கொடியிலும் இல்லாதது

மயில் கேட்டிருந்தேன்.
பூம்பாறை வேலப்பர் சந்நிதியில், செவ்வாய்க்கிழமை,
செருப்பை வெளியே விட்டு, மீட்டர் பையை விடாமல்:
திங்களுக்குள் வழியில் ஒரு மயிலைக் காட்டு,
காட்டினால் அந்த மனிதரிடம் சரி என்கிறேன்.

மயில் இந்தக் குளிருக்கு ஏறாது.
பதினேழு வருடமாக இந்த மலையில் மின்கணக்கு எடுக்கிறேன்.
காட்டுமாடு பார்த்திருக்கிறேன், கடமான், மந்தி,
ஒருமுறை ஒரு வீட்டுக் குளியலறைக்குள் முள்ளம்பன்றி.
மயிலின் இறகுகூடக் கண்ணில் பட்டதில்லை.
தெரிந்துதான் கேட்டேன்.
வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை,
அதைச் சாமி சொல்லட்டும்.

அவர் வடுகபட்டிப் பூண்டு மண்டிக்காரர். ராசாங்கம்.
மனைவி போய் ஆறு வருடம்.
எனக்கு நாற்பத்து மூன்று.
கேட்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை:
மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு,
"யோசிச்சுச் சொல்லுங்க அன்னக்கொடி, திங்கக்கிழமை போதும்."
என் பேரிலும் ஒரு பறவை இருப்பது
அவர் சொன்னபோதுதான் காதில் விழுந்தது.

சனிக்கிழமை, கடைசி வீடு.
மன்னவனூர்ப் பாதையில் சீகைக் காட்டுக்குள் பூட்டிய பங்களா.
போன கிறிஸ்துமஸுக்கு வாங்கின மூன்று வான்கோழிகளில் ஒன்று
வெட்டுக்கு முந்தின இரவு வேலி தாண்டிவிட்டதாம்.
"செந்நாய் தின்னுருக்கும்" என்பார் காவல்காரர் எமிலியான்,
ஒவ்வொரு முறையும், நான் கேட்காமலே.
நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு. எழுதிக்கொண்டிருந்தேன்.

பனி விலகின இடத்தில் நின்றது.

நீலத் தலை. கழுத்தில் உருகி வழிந்து உறைந்த
சிவப்பு மெழுகு. கறுப்பு உடம்பில் செம்புப் பாத்திரத்தின் மினுக்கம்.
ஒரு வருடக் காடு
அதன் மேல் இருந்த வீட்டுக் கொழுப்பைத் தின்றிருந்தது.
என்னைப் பார்த்தது.
வாலை விரித்தது.

முழு வட்டம்.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

முருகா, இது மயிலில்லை.
இது எந்தச் சாமியையும் சுமந்ததில்லை,
எந்தக் கொடியிலும் ஏறியதில்லை.
பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி நாங்கள் படித்தது
ஒரே ஓர் ஏளனம், பரீட்சைக்கு மூன்று மதிப்பெண்.
கப்பலில் வந்த சாதி, கத்திக்கு வளர்ந்தது.
நீதான் அனுப்பினாயா? இல்லை,
மயில் ஏறாத உயரத்தில்
உன் கையில் இருந்ததே இதுதானா?

குடத்தில் தண்ணீர் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது.
விரித்ததை மடக்கியது.
சருகைக் கிளறி எதையோ கொத்தித் தின்றது, தன்பாட்டுக்கு.
எனக்காக வரவில்லை அது.
அந்த நினைப்பு எவ்வளவு நிம்மதியாக இருந்தது
என்று யாரிடம் சொல்ல.

இருட்டுக்கு முன்
நாலு எட்டு ஓடி,
மூட்டை தூக்குகிறவன் மூச்சை இழுக்கிற மாதிரி இழுத்து
எழும்பியது.
சட்டென்று இல்லை, அழகாகவும் இல்லை,
ஒரு கதவைப் பெயர்த்துத் தூக்கிப் போகிற சத்தத்தோடு
மேலே, இன்னும் மேலே, சீகையின் பாதிக்கும் மேலே.
கிளை வளைந்தது. தாங்கியது.
அதன் பேரில் முதல் எழுத்திலேயே வானம் நிற்கிறது.
இத்தனை வருடம் அதை
எழுத்துப்பிழை மாதிரித் தாண்டி வாசித்திருக்கிறேன்.

பேருந்து நிற்கிற வளைவில்தான் சிக்னல்.
ராசாங்கம் எடுத்தார்.
பின்னால் தராசுச் சங்கிலி, யாரோ மூட்டை எண்ணுகிற குரல்.
சரி என்று சொல்லத் திறந்தேனா, வேண்டாம் என்றா,
இப்போதும் தெரியாது.
"வான்கோழி பறக்கும், தெரியுமா?" என்றேன்.

எண்ணுகிறவனைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார்.
பிறகு கேட்டார்:
"எவ்வளவு உயரம்?"