இருபது நிமிடம்

யோகமலரின் இரத்தம், இரண்டு மில்லி,
புதுக் கண்ணாடிக் குழாயில்.
பழசு கூடாது. கழுவிய சோப்பு பொய் சொல்லும்.
ஆட்டவும் கூடாது.
ஏழு பதினாலு என்று பிளாஸ்டரில் எழுதி ஒட்டினேன்.

தம்பலகாமத்தில் சிறுபோக வெட்டு.
மெஷின் போன தடத்தில் வைக்கோல் அள்ளியவள்
முள்ளென்றுதான் நினைத்தாளாம்.
புருஷன் தவராசலிங்கம்
யூரியாப் பையை என் மேசையில் வைத்தார்
இரண்டு கையாலும்,
கலியாண வீட்டுக்குப் பழம் கொண்டுவந்தவர்போல.

என்ன பாம்பு என்பது இங்கே
பாடப்புத்தகக் கேள்வி இல்லை,
மருந்துக் குப்பியின் கேள்வி.
மூக்கு மேல்நோக்கி வளைந்து
கண்ணுக்கும் நாசிக்கும் நடுவில்
சூட்டைப் பார்க்கும் குழியொன்று இருந்தால்
சருகுக்குள் கிடக்கும் குட்டையன் அது.
கடல் கடந்து வரும் எங்கள் மருந்துக்கு
அவன் மொழி தெரியாது.
சிறுநீரை அளந்தபடி காத்திருப்போம்.
செதிலோடு செதிலை உரசி
வாள் அறுக்கிறாற்போல் இரைந்தால் சுருட்டை,
மணற்காட்டுப் பிறவி.
பச்சையாய்க் கொப்பில் தொங்குகிறவன்
தேயிலைப் பக்கம், வயலுக்கு வரான்.

குறட்டால் தூக்கினேன்.
செத்த தலையும் கடிக்கும்; மடக்குக் கத்திப் பல்.
முதுகில் மூன்று சங்கிலி, கண்ணி கண்ணியாய்,
கபிலம், கறுப்பு விளிம்பு.
தலையில் தகடு இல்லை, உமி போலச் சின்னச் செதில்,
ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வரம்பு.
குழி இல்லை.

டொக்டர் ஹசந்த எட்டிப் பார்த்து
"தித் பொலங்கா" என்றார்.
நான் படிவத்தில் டபோயா என்று எழுதினேன்.
"முத்திரைப் புடையன்" என்றார் தவராசலிங்கம்
மெதுவாக,
அயலவனைக் காட்டிக்கொடுக்கிறவர்போல.

கோணமலையில் சாமி கழுத்தில் கிடப்பது நல்லபாம்பு.
படம் எடுக்கத் தெரிந்ததற்குப் பாலும் முட்டையும்.
புடையனை எந்தச் சாமியும் அணியவில்லை.
அதற்குத் தெரிந்ததெல்லாம்
சுருண்டு கிடந்து
பிரஷர் குக்கர்போல் சீறுவது.
மெஷின் சத்தத்தில்
யோகமலருக்கு அதுவும் கேட்கவில்லை.

ஏழு இருபத்தைந்து.
ஜன்னலுக்குக் கீழே ஒரு புள்ளிமான்
லஞ்ச் ஷீட்டை மென்றுகொண்டு நின்றது.
வாட்டிலிருந்து தாதி பேசினாள்:
இமை தொங்குது, பல்லோரம் கசியுது.
குழாயைத் தூக்கிப் பார்க்க விரல் துடித்தது.
தூக்கவில்லை.

அப்போதுதான் பை அசைந்தது.

மண்வெட்டி விழுந்த இடம் வயிறு.
விரியன் வயிறு வெடித்துத்தான் ஈனும் என்பார்கள் ஊரில்.
பொய்.
முட்டையை உள்ளேயே வைத்துக் காத்து
சவ்வு போர்த்த குட்டிகளைச்
சும்மா இறக்கிவிட்டுப் போய்விடும்.
இதற்கு மட்டும்
நாங்கள் அந்தப் பொய்யை உண்மையாக்கியிருந்தோம்.

கிழிசல் வழியே ஒன்று.
பென்சிலைவிடக் கொஞ்சம் நீளம், ஈரம் மினுங்க,
அதே மூன்று சங்கிலி, சிறிய எழுத்தில்.
பல்லும் நஞ்சும் குறையாமல்.
பிறந்து அரை நிமிடம் ஆகியிருக்காது,
என்னைப் பார்த்துச் சீறியது.
தவராசலிங்கம் கதிரையில் ஏறிவிட்டார்.
"இன்னும் இருக்கா?"
இருந்தன.
அவர் மேலே நின்று எண்ண, நான் கீழே பிடிக்க,
அந்த ஒன்பது நிமிடமும்
இரத்தத்தை நாங்கள் மறந்துபோனோம்.

ஏழு முப்பத்திநாலு.
குழாயைச் சாய்த்தேன்.
ஓடியது.
கண்ணாடியில் எதையும் பிடித்துக்கொள்ளாமல்,
ஆறிய தேத்தண்ணிபோல.
"உறையேல்லை" என்றேன் போனில்.
அந்தப் பக்கம் இருபது குப்பி உடைக்கத் தொடங்கும் சத்தம்.

படிவத்தில் ஒரு கேள்வி மிச்சம்:
பாம்பு உயிருடனா, இறந்ததா.
இரண்டு கட்டத்திலும் சரி போட்டேன்.
மூடியில் ஓட்டை குத்திய ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள்
பதினொன்று
ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.
அடுத்த குழாய் இரவு இரண்டு மணிக்கு.
வனசீவராசிகள் அலுவலகத்தில்
இன்னும் யாரும் போனை எடுக்கவில்லை.