நீர்க்கோடு

படகின் வயிற்றில் ஒரு சிவப்புக் கோடு.
அதற்கு மேல் தண்ணீர் ஏறினால்
எதையாவது கரையில் விட வேண்டும்.
சட்டம் அவ்வளவுதான்.
ஏப்ரல் முழுக்க
நானும் அஸ்லாக்கும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
அந்தக் கோட்டைப் பார்த்தே பேசிக்கொண்டோம்.

ஓட்ஸ் ஐம்பது கிலோ.
காய்ந்த காட் மீன், விறகுபோல் அடுக்கி.
முட்டை முந்நூறு.
ஒவ்வொன்றுக்கும் வாசலின் பூசினேன்,
துருப்பிடிக்கப்போகும் பூட்டுக்குப் பூசுவதுபோல.
வாரம் ஒருமுறை புரட்ட வேண்டுமாம்.
புரட்டுவது யார் என்பதில்
இன்னும் உடன்பாடில்லை.

டின்களின் காகிதத்தை உரித்துவிடுங்கள் என்றார்கள்,
ஈரத்தில் ஊறி, உதிர்ந்து, பம்பை அடைக்குமாம்.
உரித்தோம்.
மூடியில் மையால் எழுதச் சொன்னேன்.
அஸ்லாக் உரித்தது நாற்பது,
எழுதியது பதினொன்று.
மிச்சமெல்லாம் பீச் பழமா மீன் உருண்டையா என்பது
கிரீன்லாந்தில் தெரியவரும்.

வலிக்காத ஞானப்பல்லைப் பிடுங்கிக்கொண்டேன்.
"நல்ல பல் ஆயிற்றே?" என்றார் மருத்துவர்.
"இன்றைக்கு" என்றேன்.
கரையில் விட்டதில் முதலாவது
ஞானம்.

குளிர்காலம் தங்கப்போகும் ஃபியோர்டு
வரைபடத்தில் பாதி வெள்ளை.
பனியல்ல அது,
யாரும் அளக்காத ஆழம்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
நாங்கள் பன்னிரண்டு மீட்டர்ப் படகையே விடப்போகிறோம்.

வார்டோவில் ஏப்ரல் கடைசி இரவு
கந்தலாகத்தான் வரும்.
போகிற வழியில் அந்தக் கந்தலும் இல்லை.
சூரியன் விளிம்பிலேயே நடந்துகொண்டிருக்கும்,
உட்காராது.
தூங்காதவர்கள் முதலில் சண்டை போடுவார்கள்,
பிறகு பாறையில் மோதுவார்கள் என்றான் ஹால்வார்,
இரண்டும் செய்தவன்.
ஆகவே கறுப்புத் துணி ஒன்பது மீட்டர் வாங்கி
ஆறு ஜன்னலுக்கு இரவு தைக்கிறேன்.
இரட்டைத் தையல்.
ஐந்து முடிந்தது.
மடித்தால்
ஒரு தலையணை உறைக்குள் அடங்கிவிடுகிறது இரவு.
படகில் வைத்தேன். கோடு அசையவில்லை.

நவம்பரில் இதற்கு வேலையில்லை.
வெளியே வேண்டிய மட்டும் இருட்டு கிடைக்கும்.
அப்போதைக்கு மண்ணெண்ணெய், விளக்கு, திரி,
பாட்டில் பாட்டிலாக மீன் எண்ணெய்.
ஏற்றி முடித்தபோது
இரண்டு விரல் இறங்கியிருந்தது படகு.
வெளிச்சம்தான் கனம்.

பிறகு மீட்பு நிலையத்தின் படிவம்.
ஆபத்தென்றால் யாரை அழைப்பது?
நான் அவன் பெயரை எழுதினேன்.
அவன் என் பெயரை.
தொலைபேசியில் அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்:
"அதே படகில் இருப்பவர் கணக்கில் சேராது."

அவனுக்கு ஆல்டாவில் ஒரு தம்பி,
பேச்சுவார்த்தை இல்லை.
எனக்கு?
பன்னிரண்டு வருடம் இந்த ஊரில்.
கைப்பேசியில் இருநூறு எண்கள்,
பாதி எஞ்சின் கடைகள்.

ரொட்டிக்கடை ஒட்பியோர்க்கிடம் போனேன்.
இதுவரை நாங்கள் பேசியது
ரொட்டி, காற்று, மறுபடி ரொட்டி.
விஷயத்தைச் சொன்னேன்.
மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:
"அழைத்தால் நான் என்ன செய்யணும்?"
"எடுக்கணும்."
"அப்புறம்?"
அப்புறம் என்னவென்று நான் யோசிக்கவில்லை.
"மூன்று மணிக்கு எழுந்துவிடுவேன்" என்றாள்,
"அதற்கு முன்னால் என்றால்
நாலைந்து தடவை அடிக்கச் சொல்."
ரை ரொட்டி இரண்டைக் கூடுதலாகக் கட்டி வைத்தாள்.
காசு வாங்கினாள்.

திரும்பி வந்தபோது
அஸ்லாக் பாலத்தில் மல்லாந்து
தலையை மட்டும் தொங்கவிட்டு
தலைகீழாகக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"உன் புத்தகங்களில் பாதியை இறக்கணும்."
"உன் டின்களை இறக்கு,
என்னவென்றே தெரியாதவற்றை."
கொஞ்ச நேரம் அப்படிப் போனது.

படிவத்தில் அவள் பெயரை எழுதி
எண்ணை இரண்டு முறை சரிபார்த்தேன்.
அடுத்த கட்டம்: உறவு.
பேனா அங்கே நின்றது.
கப்பல்துறையில் ஒரு கிட்டிவேக் பறவை
எங்கள் பாய்மரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு
பிடிக்காமல் போனது.
'ரொட்டி' என்று எழுதிவிட்டு
ஆறாவது ஜன்னலுக்குத்
துணி வெட்ட உட்கார்ந்தேன்.